உடலுக்கும் அறைக்கும் அச்சு எடுப்பது: சமகாலச் சிற்பங்கள் எப்படி உருவாகின்றன, எங்கே சறுக்குகின்றன

துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு கண்காட்சிக் கூடத்தில் நிற்கும் ஒரு பெண், பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிலை. ஐந்து மீட்டர் உயரத்துக்குக் குந்தியிருக்கும் ஒரு சிறுவன், முழங்கால் சுருக்கம் வரை தத்ரூபம். சுவர்களே இல்லாமல், அறைக்குள் இருந்த வெற்றிடம் மட்டும் கான்கிரீட்டாக நிற்கும் ஒரு வீடு. இப்படிப்பட்ட படங்கள் கைப்பேசிக்கு வரும்போது கூடவே வரும் கருத்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: "ஆள் மேல அச்சு எடுத்துட்டாங்க, இதுல என்ன திறமை?", "3டி பிரின்ட்தானே?", "வீட்டுக்குள்ள கான்கிரீட் ஊத்தினா அதுவும் கலையா?"

இந்த மூன்று படைப்புகளும் மூன்று வெவ்வேறு வேலைமுறைகள். ஒன்று உடலில் அச்சு எடுத்தது. இன்னொன்றில் எந்த உடலுக்கும் அச்சு எடுக்கவில்லை. மூன்றாவது, ஒரு கட்டடத்தையே அச்சாக்கியது. பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: கலைஞர் பொருளைத் தொட்ட இடத்தில் உண்டான பரப்புகளில் எந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டார், எதைத் தூக்கி எறிந்தார்?

## முதலில் நான்கு சொற்கள்

1. மூலம். எதன் வடிவம் வேண்டுமோ அது. உயிருள்ள ஆளாக இருக்கலாம், களிமண் உருவாக இருக்கலாம், நாற்காலியாக இருக்கலாம்.
2. அச்சு. மூலத்தின் மேல் படிந்து, அதன் மேடுகளைப் பள்ளமாகவும் பள்ளங்களை மேடாகவும் பதிந்துகொள்ளும் உறை.
3. தாங்கு அச்சு. அச்சு ரப்பர்போல் வளையும் பொருளாக இருந்தால், கழற்றியதும் துவண்டுவிடும். அது வடிவம் மாறாமல் இருக்க வெளியே போடும் கெட்டியான ஓடு.
4. வார்ப்பு. அச்சுக்குள் ஊற்றியோ பூசியோ எடுக்கும் இறுதி வடிவம்.

வார்ப்பு என்றதும் நமக்கு சுவாமிமலை நினைவுக்கு வரும். அங்கே நடப்பது வேறு. ஸ்தபதி மெழுகில் உருவத்தைக் கையால் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். உருவத்தின் அளவுகள் சிற்ப நூல்கள் சொல்லும் அளவு விகிதமான தாள முறையிலிருந்து வருகின்றன. எந்த மனித உடலையும் அச்சு தொடுவதில்லை. இந்தக் கட்டுரை பேசுவது தொடுகிற அச்சைப் பற்றி.

## அச்சு எடுத்தால் ஏமாற்றா?

இந்தச் சந்தேகம் கைப்பேசிக் காலத்தில் பிறந்ததல்ல. 1877இல் பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோதான் 'வெண்கல யுகம்' என்ற ஆளுயரச் சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள ஆளின் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று குற்றம்சாட்டினார்கள். அவருக்கு மாதிரியாக நின்றவர் ஒரு பெல்ஜியப் படைவீரர். ஆளையும் சிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்படங்களைக் கொடுத்து ரோதான் வாதாட வேண்டியிருந்தது. அடுத்து செய்த 'புனித யோவான்' சிலையை ஆளைவிடப் பெரிதாகச் செய்தார். பெரிதாக இருந்தால் அச்சு என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அச்சு ஒருபோதும் அளவைப் பெருக்காது.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழானது. கலைஞர்கள் அச்சு எடுப்பதை மறைக்கவில்லை. அதையே முன்னால் வைத்தார்கள். பார்வையாளர் எடைபோட வேண்டியது கைத்திறனை மட்டுமல்ல, அச்சை எடுத்த பிறகு நடந்த தேர்வுகளையும் என்று ஆனது. ஆனாலும் "அச்சு எடுப்பது சுலபம்" என்பது சரியல்ல. எவ்வளவு சுலபமில்லை என்று பார்ப்போம்.

## உயிருள்ள உடலில் அச்சு எடுக்கும் முறை

இன்று பரவலாக இருப்பது ஆல்ஜினேட் முறை. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் தூள் இது. பல் மருத்துவர் செயற்கைப் பல்லுக்கு அளவெடுக்க வாயில் வைக்கிறாரே, அதே பொருள்.

1. தோல். முந்தைய நாளே முன்கையில் சிறிது பூசி, அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேலை நாளில் புருவம், இமை முடி, உடல் முடி எல்லாவற்றிலும் வாசலின் தடவ வேண்டும். ஆல்ஜினேட் முடியைப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் ஓரத்தில் கசியும் பிளாஸ்டர் பிடித்தால் முடியோடுதான் வரும்.
2. நிலை. அரைமணி நேரம் அசையாமல் இருக்கக்கூடிய நிலையாக இருக்க வேண்டும். முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்பவர்கள் மயங்கி விழுவது உண்டு. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நிற்கச் சொல்வதும், சாய ஒரு கம்பியோ சுவரோ தருவதும் அதனால்தான்.
3. பூச்சு. தூளை நீரில் கலந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். முகத்துக்கென்று விற்கும் வகை ஆறிலிருந்து எட்டு நிமிடத்தில் இறுகும். நீர் சூடாக இருந்தால் இன்னும் விரைவாக. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கலந்தால் பாதிப் பூச்சிலேயே வாளிக்குள் கட்டியாகிவிடும். குளிர்ந்த நீர்தான் நேரம் வாங்கித் தரும். தடிமன் சுமார் ஒரு செ.மீ. வேண்டும். மூக்குத் துவாரங்களைப் பூசாமல் விட வேண்டும். உறிஞ்சுகுழல் செருகும் பழக்கம் தவறு, மூக்கின் வடிவமே மாறிவிடும்.
4. தாங்கு அச்சு. எலும்பு முறிவுக்குப் போடும் அதே மாவுக்கட்டுத் துணியை நனைத்து மூன்று நான்கு அடுக்குகள். ஓரங்களில் இரட்டிப்பாக. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகும்.
5. கழற்றுதல். உள்ளிருப்பவர் முகத்தைச் சுளித்து, கன்னத்தை உப்பி, தோலுக்கும் அச்சுக்கும் நடுவே காற்றைப் புகவிட வேண்டும். பிறகு முன்னால் குனிந்தால் அச்சு கையில் வந்துவிடும்.
6. வார்த்தல். காத்திருக்கக் கூடாது. ஆல்ஜினேட் பெரும்பாலும் நீர்தான். அது உலர உலரச் சுருங்கும். ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். முதலில் நீர்த்த கலவையைத் தூரிகையால் தடவிவிட்டு, பிறகு கெட்டியான கலவையும் சணல் துணியும் கொடுப்பது வழக்கம். நேரடியாக ஊற்றினால் காற்றுக் குமிழ்கள் சிக்கி, முகமெல்லாம் மருவாக வரும்.

பிழைகள் பெரும்பாலும் இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் பிறக்கின்றன. இறுகிய ஆல்ஜினேட்மேல் புதிய ஆல்ஜினேட் ஒட்டாது. ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்துக்குப் போவதற்குள் இறுகிவிட்டால் நடுவில் ஏடாகப் பிரியும். காதுக்குப் பின்புறம், தாடைக்குக் கீழே, விரல்களுக்கு இடையே என உள்வாங்கிய வளைவுகளில் கெட்டியான அச்சு மாட்டிக்கொள்ளும். அங்கெல்லாம் அச்சைத் துண்டுதுண்டாகத்தான் எடுக்க வேண்டும். நுணுக்கத்துக்காக சிலிகான் பயன்படுத்தினால் வேறு தொல்லை: பிளாட்டினம் வகை சிலிகான் கந்தகத்தைத் தாங்காது. லேடக்ஸ் கையுறை போட்டுக் கலந்தாலே சில இடங்களில் இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

வெப்பம்தான் இதில் உண்மையான ஆபத்து. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். மெல்லிய மாவுக்கட்டில் அது இளஞ்சூடு. வாளி நிறைய இருந்தால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், பள்ளி ஓவிய வகுப்பில் ஒரு மாணவி தன் கைகளுக்கு வார்ப்பு எடுக்க வாளியில் இருந்த பிளாஸ்டருக்குள் நேரடியாகக் கைவிட்டார். இறுகிய பிளாஸ்டரிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. தீக்காயத்தில் விரல்களை இழந்தார். பிளாஸ்டரை நேரடியாகத் தோலில், தடிமனாக வைக்கவே கூடாது என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இந்த ஆபத்துதான்.

இன்னொன்று பிழைகூட அல்ல, முறையின் இயல்பு. உயிருள்ளவரிடம் எடுத்த முக அச்சில் கண்கள் மூடியே இருக்கும். ஈரக் கலவையின் எடை கன்னத்தையும் உதட்டையும் கீழே இழுக்கும். அப்படியே வார்த்தால் முகத்தில் உயிர் இருக்காது. உயிரில்லாததை ஏற்பதா, திருத்துவதா என்ற முடிவில்தான் கலைஞர்கள் பிரிகிறார்கள்.

## எந்தப் பக்கம்?

ஜார்ஜ் சீகல் ஏற்றுக்கொண்டவர். அமெரிக்கர், நியூ ஜெர்சியில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். 1961இல் மருத்துவ மாவுக்கட்டுத் துணி அவர் கைக்கு வந்தது. ஆளைத் துணியால் சுற்றி, வெட்டிக் கழற்றி, மீண்டும் ஒட்டினார். அதற்குள் எதையும் வார்க்காமல், சொரசொரப்பான அந்த ஓட்டையே சிற்பமாக நிறுத்தினார். நமக்குத் தெரிவது தோல் பதிந்த உள்பக்கம் அல்ல, கை தடவிய வெளிப்பக்கம். அதனால் அவருடைய மனிதர்கள் யாரோ ஒருவர் போலவும், யாருமே இல்லாதவர் போலவும் இருக்கிறார்கள். அந்த வெள்ளை உருவங்களை உண்மையான கடைச் சாமான்களோடு வைத்தார். 'டைனர்' என்ற படைப்பில் உணவகத்தின் மேசை, காபி இயந்திரம் எல்லாம் நிஜம். ஆட்கள் மட்டும்தான் பிளாஸ்டர். பின்னாளில் ஓட்டுக்குள்ளும் வார்க்கத் தொடங்கினார். தோலின் விவரம் வந்தது. என் கணிப்பில், அதோடு பழைய இறுக்கம் குறைந்தது.

இன்னொரு அமெரிக்கரான டுவேன் ஹான்சன் எதிர்ப்பக்கம் போனார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன துப்புரவுப் பெண் அவருடையது, 1988ஆம் ஆண்டுப் படைப்பு. ஆளின் உடலைப் பகுதி பகுதியாக அச்செடுத்து, பாலியெஸ்டர் ரெசினும் ஃபைபர் கிளாஸும் கொண்டு வார்த்தார். பிற்காலத்தில் கார் டிங்கரிங் பட்டறையில் பூசும் பட்டியைக்கூடப் பயன்படுத்தினார். பகுதிகளைச் சேர்த்து, நரம்பும் கன்றலும் தெரிய வண்ணம் தீட்டி, முடி பொருத்தி, நிஜ உடை உடுத்தினார். அச்சு தந்த செத்த முகத்தை வண்ணத்தாலும் சோர்ந்த நிலையாலும் மறைப்பதுதான் அவர் உத்தி. சுற்றுலாப் பயணி, அங்காடியில் வண்டி தள்ளுபவர், சுத்தம் செய்பவர் என அவர் தேர்ந்தவர்களெல்லாம் சோர்ந்த ஆட்கள். சோர்ந்த முகத்துக்கு அச்சு பொருந்தும். சிரிக்கும் முகத்தை அரைமணி நேரம் யாராலும் பிடித்துவைக்க முடியாது.

பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லி பயன்படுத்தியது பெரும்பாலும் தன் உடலை. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் பிளாஸ்டர் தோய்த்த துணியைப் போடச் செய்து, இறுகும்வரை உள்ளேயே இருப்பார். 1980களில் அந்த உருவத்தின்மேல் ஈயத் தகட்டைத் தட்டிப் படியவைத்து, இணைப்புகளை ஒட்டவைத்தார். முகம், விரல்கள் எல்லாம் மழுங்கிவிடும். அவருக்கு வேண்டியதும் அதுவே: ஓர் உடல் இருந்த இடத்தின் உறை. 'இன்னொரு இடம்' படைப்பில் இதே அணுகுமுறை வார்ப்பிரும்புக்கு மாறியது. 100 உருவங்கள், 17 அச்சுகளிலிருந்து, ஒவ்வொன்றும் சுமார் 650 கிலோ. 2005 முதல் லிவர்பூலுக்கு அருகே கிராஸ்பி கடற்கரையில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கின்றன. அலை ஏறும்போது சில உருவங்கள் முழுக்க மூழ்கும்.

அவருடைய பழைய படைப்பு ஒன்றுக்கு அச்சுக் கலவையே தேவைப்படவில்லை. 'படுக்கை' என்ற அதில் 8,640 ரொட்டித் துண்டுகளை மெழுகில் தோய்த்து அடுக்கியிருக்கிறார். நடுவில், படுத்திருக்கும் ஓர் உடலின் இரு பாதிகளாக இரண்டு பள்ளங்கள். அந்தப் பள்ளங்களில் இருந்த ரொட்டியைத் தின்றே குடைந்தார்.

போலந்துச் சிற்பி அலினா ஷபோச்னிகோவ் 1960களில் உடலையும் வீட்டுச் சாமானையும் ஒரே பொருளாக்கினார். உதட்டை அச்செடுத்து நிறமேற்றிய ரெசினில் வார்த்து, உள்ளே பல்பு வைத்து மேசை விளக்காக்கினார். வயிற்றின் வார்ப்பைப் பாலியூரிதேன் நுரையில் எடுத்து மெத்தைத் திண்டாக்கினார். இரண்டிலும் வடிவம் உடலிலிருந்து அப்படியே வந்தது. மாற்றியது பயனை மட்டும்.

## அச்சு எடுக்காத தத்ரூபம்

குந்தியிருக்கும் சிறுவனை 1999இல் செய்தவர், ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் மியூக். இப்போது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து மீட்டர் உருவத்தை ஆள்மேல் அச்செடுக்க முடியாது என்பது வெளிப்படை. மியூக் களிமண்ணில் கையால் உருவாக்குகிறார். பிறகுதான் அச்சு. ஆனால் அது களிமண்ணுக்கு எடுக்கும் அச்சு. வார்ப்பு சிலிகானிலோ ஃபைபர் கிளாஸிலோ வரும். அதன்பின் முடிகளை ஒவ்வொன்றாகக் குத்தி நடுவது, தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவது தெரிய அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றுவது.

இவருடைய ஆயுதம் அளவு. 1996–97இல் செய்த 'இறந்த அப்பா' சுமார் ஒரு மீட்டர் நீளம்தான். எல்லா விவரமும் சரியாக இருந்து அளவு மட்டும் சுருங்கியிருந்தால் மனம் அதைப் பொம்மை என்றும் ஏற்காது, உடல் என்றும் ஏற்காது. மியூக்கையும் ஹான்சனையும் ஒரே கூடையில் போடுவது இணையத்தில் அடிக்கடி நடக்கும் குழப்பம். ஹான்சனில் அளவு நிஜம், அதனால் ஏமாறுகிறோம். மியூக்கில் அளவு பொய், அதனால் ஏமாற வாய்ப்பே இல்லை.

## அறையை வார்ப்பது

இப்போது தலைகீழாகத் திருப்புவோம். உடலில், தோலுக்கு வெளியே அச்சு இருக்கிறது. அறையில், சுவரே அச்சு. உள்ளே ஊற்றுவது வார்ப்பு. கடைசியில் சுவரை எடுத்துவிட வேண்டும்.

அமெரிக்கரான ப்ரூஸ் நௌமன் 1960களில் தன் நாற்காலிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் கான்கிரீட்டில் வார்த்தார். லண்டனின் ரேச்சல் வைட்ரீட் அதை ஒரு வாழ்நாள் முறையாக வளர்த்தார். 1988இல் அலமாரியின் உள்வெளி. 1990இல் 'ஆவி' என்ற படைப்பில், வடக்கு லண்டனில் ஒரு பழைய வீட்டின் முன்னறை முழுவதும். அறைச் சுவர்களில் பிளாஸ்டரைப் பகுதி பகுதியாகப் பூசி இறுகவைத்து, கழற்றி, இரும்புச் சட்டத்தில் உள்ளே பார்த்தவை வெளியே பார்க்கும்படி மாட்டினார். அடுப்பங்கணப்பின் குழி புடைப்பாக நிற்கிறது. கதவுச் சட்டத்தின் மேடு பள்ளமாகத் தெரிகிறது. கணப்பின் கரிப்புகைகூடப் பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தொடக்கத்தில் சொன்ன கான்கிரீட் வீடும் இவருடையதுதான்: 1993இல் கிழக்கு லண்டனின் க்ரோவ் சாலையில் 193ஆம் எண் வீடு. இடிப்புக்கு ஒதுக்கிய வரிசை வீடுகளில் எஞ்சியிருந்தது. ஆர்ட்டேஞ்சல் அமைப்பு ஏற்பாடு செய்தது. வேலையின் வரிசை இப்படி:

1. வீட்டுக்குள் புதிய அடித்தளம். பழைய அஸ்திவாரம் செங்கல் சுவருக்காகப் போட்டது. உள்ளே வரப்போகும் கான்கிரீட் ஓட்டின் எடையை அது தாங்காது.
2. சுவரின் உள்பக்கத்தைச் சீராக்கி, ஒட்டாமல் வர ஒரு பூச்சு. சென்ட்ரிங் பலகைக்கு எண்ணெய் தடவுவது எதற்கோ, அதே காரணம்.
3. வெளிறிய சாம்பல் நிறக் கான்கிரீட்டை முதல் அடுக்காகப் பீய்ச்சியடித்தல். பார்வையாளர் காணப்போகும் தோல் இது.
4. கம்பிவலை கட்டி, பலத்துக்கான அடுத்த அடுக்கு.
5. இறுகியபின் வெளியிலிருந்து செங்கற்களை நீக்குதல்.

முழுக்கக் கான்கிரீட்டால் நிரப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படி நிரப்பினால் ஈரக் கான்கிரீட்டின் பக்க அழுத்தத்தில் பழைய சுவர் வெளியே வெடித்துவிடும். உள்ளே இறுகும் வெப்பத்தில் விரிசலும் வரும். பீய்ச்சியடித்த ஓடு என்பதால்தான் வேலையே நடந்தது.

1993 அக்டோபர் 25இல் முடிந்தது. நவம்பர் 23 அன்று வைட்ரீட் பிரிட்டனின் முக்கியக் கலைப் பரிசான டர்னர் பரிசைப் பெற்றார். அதே நாளில், அதை இடிக்க உள்ளூர் மன்றம் வாக்களித்தது. அன்றே கே ஃபவுண்டேஷன் என்ற குழு, 'மிக மோசமான கலைஞர்' என்று டர்னர் பரிசின் இருமடங்கான 40,000 பவுண்டை அவருக்குக் கொடுத்தது. 1994 ஜனவரி 11இல் இடித்தார்கள்.

"வீட்டுக்குள்ள கான்கிரீட் ஊத்தினா கலையா?" என்ற கேள்விக்குத் தொழில்நுட்பத்தின் பதில் ஒன்று உண்டு. நாம் ஓர் அறையில் இருக்கும்போது காண்பது சுவரை. சுவர் எவ்வளவு இடத்தைச் சூழ்ந்திருக்கிறது என்பதைக் காண்பதில்லை. வார்ப்பு அதைக் கெட்டியாக்கி, நம்மை வெளியே நிறுத்துகிறது. கதவு இருக்கும், நுழைய முடியாது. பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் புகைப்படமோ வரைபடமோ இதைச் செய்யாது.

## ஊற்றாமலே எடுப்பது

கொரியாவில் பிறந்த டோ ஹோ சு இன்னும் இலகுவான வழியில் போகிறார். தான் வாழ்ந்த வீடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து, ஒளி ஊடுருவும் துணியில் நிஜ அளவிலேயே தைக்கிறார். கைப்பிடி, மின்சுவிட்ச், தாழ்ப்பாள் எல்லாம் தையலில். நியூயார்க்கில் தான் குடியிருந்த வீட்டின் உட்பரப்பு முழுவதையும் காகிதத்தால் மூடி, வண்ணப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்தார். கல்வெட்டில் தாளை ஒற்றிப் படி எடுக்கும் தொல்லியல் துறையினருக்கு இது பழகிய வேலை. ஒரு வித்தியாசம்: கல்வெட்டில் எழுத்து வேண்டும், இங்கே கீறலும் ஆணித்துளையும் வேண்டும். 2025இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் இவருடைய பெரிய கண்காட்சி நடந்தபின் அந்தப் படங்களும் பரவலாகச் சுற்றின. அவற்றைக் கணினி வரைகலை என்று நினைத்தவர்கள் பலர். எல்லாம் துணியும் கம்பியும்.

## 3டி ஸ்கேன் வந்தபின் அச்சு எதற்கு?

கோர்ம்லி போன்றவர்கள் இப்போது ஸ்கேனையும் பயன்படுத்துகிறார்கள். லாபம் வெளிப்படை: சில நொடிகளில் முடியும், கண் திறந்திருக்கலாம், எடை தோலை இழுக்காது, அளவைக் கூட்டலாம் குறைக்கலாம். இழப்பும் உண்டு. ஸ்கேன் கண்ணுக்குத் தெரியும் பரப்பை மட்டும் அளக்கிறது. கருமுடி, பளபளப்பு, விரலிடுக்கு ஆகிய இடங்களில் ஓட்டை விழும், மென்பொருள் அதை ஊகித்து நிரப்பும். நல்ல சிலிகான் அச்சு தோலின் துளையைக்கூட எடுக்கும். கணப்பின் கரிப்புகை ஒட்டிக்கொண்டு வருவது ஸ்கேனில் நடக்காது.

## ஆயுள்: வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்

இந்தப் பொருள்கள் எதுவும் கருங்கல் அல்ல. ஒவ்வொன்றும் தன் வழியில் கெடும்.

- மாவுக்கட்டு ஓடு ஈரத்தை உறிஞ்சி மென்மையாகும். தொட்ட இடம் அழுக்காகும். கழுவ முடியாது.
- பாலியெஸ்டர் ரெசின் வெளிச்சத்தில் மஞ்சளாகும். தடிமனாக ஊற்றியபோது இறுகவைக்கும் ஹார்டனர் அதிகமாகியிருந்தால் உள்வெப்பத்தில் அன்றே விரிசல் விட்டிருக்கும்.
- பாலியூரிதேன் நுரைதான் மோசம். சில பத்தாண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். 1960களின் நுரைச் சிற்பங்கள் அருங்காட்சியகங்களுக்குத் தலைவலி.
- வார்ப்பிரும்பு உப்புநீரில் துருப்பிடிக்கும், மேலே கடற்சிப்பிகள் ஒட்டும். கிராஸ்பியில் இது எதிர்பார்த்த விளைவு.

எல்லாவற்றிலும் விபரீதமானது பிரிட்டிஷ் கலைஞர் மார்க் குவினின் 'சுயம்'. 1991இல் தொடங்கிய வரிசை இது. தன் தலையை அச்செடுத்து, சில மாதங்களில் சிறிது சிறிதாக எடுத்துச் சேமித்த தன் இரத்தத்தையே, சுமார் நாலரை லிட்டர், அதில் உறையவைத்தார். அந்தத் தலை குளிர்பதனப் பெட்டிக்குள்தான் இருக்க முடியும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அச்செடுத்துப் புதிய தலை செய்கிறார், ஒவ்வொன்றிலும் முகத்துக்கு வயது கூடியிருக்கும். 2006ஆம் ஆண்டுத் தலையை லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் 2009இல் வாங்கியது. சிற்பத்தோடு சேர்த்து, நிற்காமல் ஓட வேண்டிய குளிர்பதன இயந்திரத்தையும் அதற்கான மின்சாரத்தையும் பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டுதான்.